குரல் ரிலே சர்வருக்கு டிபிடிகேயா, ஏஎஃப்-எக்ஸ்டிபியா?

புதுச்சேரியில் நாங்கள் நடத்தும் குரல் அழைப்பு ரிலே சர்வர்களில் (ஒரு முனையின் குரல் பாக்கெட்டுகளை வாங்கி மறுமுனைக்கு அனுப்புபவை), லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வழியாகப் பாக்கெட்டுகளை வாங்கி அனுப்பும் வழக்கமான சாக்கெட் முறை திணறத் தொடங்கியதும், பாக்கெட்டுகளைப் பயனர் நிரலிலேயே நேரடியாகக் கையாள்வது என்று முடிவு செய்தோம். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒவ்வொரு முனையிலிருந்தும் 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது நொடிக்கு 50 வரும். இரு முனை கொண்ட 10,000 அழைப்புகள் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் பாக்கெட்டுகள் உள்ளே வந்து அதே அளவு வெளியே போக வேண்டும். ஒவ்வொன்றிலும் குரல் வெறும் 160 பைட்தான் என்பதால், இணைப்பு நிறைவதற்கு வெகு முன்பே சிஸ்டம் கால்களும் (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) நகலெடுப்பும் சிபியுவைத் தின்றுவிடுகின்றன.

தேர்வுக்கு வந்தவை இரண்டு. இன்டெலில் பிறந்து 2017 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கும், கர்னலைத் தவிர்த்து நெட்வொர்க் கார்டை நிரலே நேரடியாகக் கையாள உதவும் நூலகத் தொகுப்பான டிபிடிகே ஒன்று. 2018-ல் லினக்ஸ் 4.18-உடன் வந்த, தேர்ந்தெடுத்த பாக்கெட்டுகளைக் கர்னலின் வழக்கமான நெட்வொர்க் அடுக்கைத் தாண்டி நிரலுக்குத் தரும் சாக்கெட் வகையான ஏஎஃப்-எக்ஸ்டிபி மற்றொன்று. நாங்கள் எடுத்தது இரண்டாவதை. வேகத்தை மட்டும் பார்த்தால் டிபிடிகேதான் முந்தும், அதில் வாதமே இல்லை. ஆனால் எங்கள் சுமைக்கு இரண்டுமே போதுமானவை.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. டிபிடிகேயிடம் நெட்வொர்க் கார்டைக் கொடுப்பது வீட்டையே எழுதிக் கொடுப்பது போன்றது. ஏஎஃப்-எக்ஸ்டிபி ஓர் அறையை மட்டும் வாடகைக்குக் கேட்கிறது. டிபிடிகேக்காகப் பெரும்பாலான கார்டுகளை, பயனர் நிரலிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ டிரைவருக்கு மாற்றியவுடன் அந்த இன்டர்ஃபேஸ் கர்னலின் பார்வையிலிருந்தே மறைந்துவிடுகிறது: ஐபி கட்டளையில் பெயர் வராது, கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் வேலை செய்யாது, ஃபயர்வால் விதிகள் பொருந்தாது, ‘இந்த ஐபி முகவரி யாருடையது’ என்ற ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்வதுகூட நம் நிரலின் பொறுப்பாகிவிடும். மெல்லனாக்ஸ் கார்டுகள் இதற்கு விதிவிலக்கு என்றாலும் எங்களிடம் இருந்தவை அவை அல்ல. நள்ளிரவில் அழைப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று புகார் வந்தால், பணியில் இருக்கும் இளைஞர் முதலில் தேடுவது தனக்குப் பழகிய கருவிகளைத்தான். அவை எல்லாம் கையை விரித்துவிட்டால் அவர் என்னை எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஏஎஃப்-எக்ஸ்டிபியில் கார்டின் டிரைவர் கர்னலிடமே இருக்கிறது. கர்னலுக்குள் ஓடும் சிறிய எக்ஸ்டிபி நிரல் ஒன்று குரலுக்குரிய யுடிபி போர்ட்டுகளை மட்டும் பிரித்து நம் ரிலேவுக்குத் திருப்பிவிட, எஸ்எஸ்ஹெச், ஏஆர்பி உள்ளிட்ட மற்றவை வழக்கம்போல் கர்னலுக்குப் போகின்றன. ரிலே நிரல் செத்தாலும் அதே கேபிள் வழியாகவே உள்ளே நுழைந்து என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். திருப்பிவிடப்பட்ட பாக்கெட்டுகள், போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் தெரிவதில்லை என்பது உண்மைதான். அதற்கு எக்ஸ்டிபிடம்ப் இருக்கிறது. ஒவ்வொரு சாக்கெட்டும் கார்டின் ஒரே ஒரு வரிசையோடுதான் (பாக்கெட்டுகள் வந்து சேரும் க்யூ) பிணைக்கப்படும் என்பதையும் மறக்கக் கூடாது: கார்டு நான்கு வரிசைகளில் பாக்கெட்டுகளைப் பரப்பிக்கொண்டிருக்க நாம் ஒன்றில் மட்டும் காத்திருந்தால், முக்கால் பங்கு அழைப்புகளின் குரல் நம்மிடம் வராது.

மின்சாரமும் பராமரிப்பில் அடக்கம். டிபிடிகேயின் இயல்பான முறை பாக்கெட் வந்ததா என்று ஓயாமல் கார்டைக் கேட்டுக்கொண்டே இருப்பது. அதிகாலை மூன்று மணிக்கு ஓர் அழைப்பும் இல்லாதபோதும் அதற்கு ஒதுக்கிய கோர் 100 சதவீதத்திலேயே நிற்கும். பாக்கெட் வந்ததும் கார்டே எழுப்பும் இன்டரப்ட் முறை அதில் உண்டு என்றாலும், அதை நாமே நிரலில் சேர்க்க வேண்டும். ஏஎஃப்-எக்ஸ்டிபி சாக்கெட்டில் ‘போல்’ (poll) என்ற சிஸ்டம் காலைக் கொண்டு காத்திருந்தால் பாக்கெட் வரும்வரை நிரல் தூங்குகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரையைக் கடந்ததைப் பார்த்த ஊரில், ஜெனரேட்டர் டீசலையும் ஏசியையும் கணக்கில் கொள்ளாமல் சர்வர் திட்டம் போட முடியாது.

எங்கள் அனுபவம் 10 கிகாபிட் கார்டுகளோடும் யுடிபியோடும் நின்றுவிடுகிறது. 100 கிகாபிட்டில் இதே முடிவு நிற்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன். டிசிபியையும் பயனர் நிரலிலேயே நடத்த வேண்டியவர்களுக்கு, ஃப்ரீபிஎஸ்டியின் நெட்வொர்க் அடுக்கை டிபிடிகே மேல் ஏற்றித் தரும் எஃப்-ஸ்டாக் போன்றவை இருப்பதால், அந்தப் பக்கத்துக்கே பலம் அதிகம் என்று நினைக்கிறேன்.

ஏஎஃப்-எக்ஸ்டிபியை எடுப்பவர்கள் கார்டு வாங்கும் முன்பே அதன் டிரைவர் ஜீரோ-காப்பியை (பாக்கெட்டை நகலெடுக்காமல் நேரடியாக நிரலின் நினைவகத்தில் வைப்பதை) ஆதரிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஜீரோ-காப்பி கட்டாயம் என்ற கொடியை சாக்கெட்டில் வைத்துவிட்டால், ஆதரவில்லாத கார்டில், சாக்கெட்டைக் கார்டோடு பிணைக்கும் பைண்ட் (bind) என்ற சிஸ்டம் கால் அங்கேயே பிழை தரும்; வைக்காவிட்டால் சத்தமில்லாமல் நகலெடுக்கும் முறைக்கு இறங்கிவிடும், அந்த இழப்பு உச்ச நேரத்தில்தான் தெரியவரும்.