என்டர்பிரைஸ் என்று பில் போட்டு ஓசி லினக்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள்

சர்வர் வாங்கப்போகும் சின்னக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கொட்டேஷனில் வெறுமனே "என்டர்பிரைஸ் லினக்ஸ், ஒரு வருட சப்போர்ட்டுடன்" என்று இருந்தால், எந்த லினக்ஸ், யாருடைய சப்போர்ட் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் பில்லிங் சர்வருக்கு ரெட் ஹேட் (சந்தா கட்டி சப்போர்ட்டுடன் வாங்கும் லினக்ஸ்) போட்டுத் தருவதாகத்தான் சர்வர் விற்ற வெண்டர் வாயால் சொன்னார். பில்லில் அந்தப் பெயரே இல்லை, லைசென்ஸ் என்று ஒரு ஐட்டம், அதற்கு ஜிஎஸ்டி வேறு. 2022 பிப்ரவரியில் அப்டேட் போடப் போனால், ஆப்ஸ்ட்ரீம் ரெப்போவின் (அப்டேட்கள் வந்து இறங்கும் கிடங்கு) மெட்டாடேட்டாவை இறக்க முடியவில்லை என்று எர்ரர் காட்டி நின்றுவிட்டது. ஈடிசி ஃபோல்டரில் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து பார்த்தால் முதல் வரியிலேயே சென்ட்ஓஎஸ் லினக்ஸ், அதாவது ரெட் ஹேட்டின் சோர்ஸ் கோடிலிருந்து செய்த இலவச லினக்ஸ்! அதுவும் 8-ஆம் பதிப்பு. 2029 வரை வரும் என்றிருந்த அதன் ஆயுளை 2021 டிசம்பர் 31-ஓடு முடிப்பதாக 2020 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். எங்களிடம் விற்றது அதற்கு அப்புறம்.

போன் போட்டால் "ரெண்டும் ஒரே சோர்ஸ் கோடுதான் சார்" என்கிறார். கிட்டத்தட்ட ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுப்பது கோடுக்கா? அப்டேட் நிற்காமல் வருவதற்கும், சர்வர் படுத்துவிட்டால் சப்போர்ட் கேஸ் (உதவி கேட்டு டிக்கெட்) போட்டு ஒரு ஆளைப் பிடிப்பதற்கும்தானே. இலவச லினக்ஸை நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்குவதில் தப்பே இல்லை, அதை இன்ஸ்டலேஷன் சார்ஜ் என்று போடவேண்டியதுதானே.

நிஜமாகவே சந்தா வாங்கியிருந்தால் அது உங்கள் கம்பெனி பெயரில் ரெட் ஹேட் போர்ட்டலில் தெரியும். "எங்க அக்கவுண்ட்ல இருக்கு" என்ற பேச்சையே கேட்காதீர்கள். ரகத்தையும் பாருங்கள். செல்ஃப்-சப்போர்ட் என்றால் அப்டேட் வரும், கேஸ் போட முடியாது. ஸ்டாண்டர்டில் ஆபீஸ் நேரத்தில்தான் பதில், ராத்திரியிலும் ஆள் வேண்டுமென்றால் பிரீமியம்.

யாரும் வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்பவர்களுக்கு இலவசமே போதும். நாங்கள் பேக்கப் எடுத்துவிட்டு, மாற்றித் தரும் ஸ்கிரிப்டை ஓட்டி, ரெட் ஹேட்டுக்கு ஒத்துப்போகும் இன்னொரு இலவச லினக்ஸான அல்மாலினக்ஸ் 8-க்குப் போய்விட்டோம், டேட்டாபேஸில் கை வைக்கவே இல்லை, 2029 வரை செக்யூரிட்டி அப்டேட் உண்டு. ராக்கி லினக்ஸும் இதே வகைதான்.

லைசென்ஸ் பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டதற்கு, அடுத்த வருட ஏஎம்சியில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கழித்துக்கொள்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வருடமும் அவரிடமே ஏஎம்சி போடுவோம் என்று நினைப்பு!