பித்தளைக் கொம்புக் குப்பி: மதுரையில் எதை வாங்கலாம், எப்படி மாட்டலாம்

மாட்டுக் கொம்பின் நுனியில் மாட்டும் பித்தளை மூடிதான் கொம்புக் குப்பி. மதுரைப் பாத்திரக் கடைகளில் அது இரண்டு தினுசு: வார்ப்பு, தகடு. எடை போட்டு விலை சொல்வதால் தகட்டுக் குப்பி சல்லிசாகத் தெரியும். அதை வாங்கவே வேண்டாம். கட்டுத்தறியில் நாலு தரம் உரசினால் வாய் விரிந்து, விளிம்பு கத்தி மாதிரி நிற்கும்.

வார்ப்பிலும் உருண்டைத் தலைதான் நல்லது. வேல்முனை வைத்தது பிடிக்கிறவருக்கும் ஆபத்து, பக்கத்து மாட்டுக்கும் ஆபத்து. குஞ்சம் கட்ட வளையம் வைத்தது கயிற்றில் சிக்கும். உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் குப்பி நேராக உட்காராது.

நுனியிலிருந்து ஓர் அங்குலம் கீழே நூலைச் சுற்றி, அந்த அளவோடு கடைக்குப் போங்கள். விரிகொம்போ கூடுகொம்போ, நுனிப் பருமன்தான் கணக்கு. கன்று வளருமே என்று பெரியதாக வாங்குவது வீண். கொம்பு வளர்வது அடியில், நுனி பருக்காது.

மாட்டுவதற்கு முன் கொம்பை அடியிலிருந்து கையால் பிடித்துக்கொண்டே வாருங்கள். வெதுவெதுப்பு இருக்கும்வரை உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு; அங்கே அரம் படக் கூடாது. குளிர்ந்த நுனியை மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஈரம் போகத் துடைத்து ஒட்டுங்கள். அரக்கு சித்திரை வெயிலில் இளகக்கூடும். எம்-சீல் என்ற ஒட்டுப் பசையின் இரண்டு பங்கையும் சரிசமமாக, ஒரே நிறமாகும்வரை பிசைந்து வைத்தால் பிடிப்பு நிற்கும். இறுகும்வரை தலைக்கயிற்றைக் குறுக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் மாடு உரசித் தள்ளிவிடும். துளை போட்டு ஆணி அடிக்காதீர்கள். கொம்பு வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும்.

கடையில் கூடவே பெயிண்டும் எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம். உழவு மாடுகளுக்கு வரும் கொம்புப் புற்றுநோய்க்குப் பெயிண்டும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். நல்லெண்ணெய் தடவினாலே கொம்பு மினுங்கும்.

குப்பி எங்காவது சிக்கி, கொம்பின் மேலோடு கழன்று ரத்தம் வந்தால் சாணி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். வளர்ந்த மாட்டுக்குக் கொம்பின் உட்குழி மண்டையின் காற்றறையோடு சேர்ந்தது. எலும்பும் முறிந்திருந்தால் வழி திறந்துவிடும்; ஈ மொய்த்தால் உள்ளே புழு வைக்கும். சுத்தமான துணியால் கட்டிவிட்டு, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள்.