வெஸ்ட்வில் வீட்டை விற்கத் தயார் செய்யும் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெஸ்ட்வில் பகுதி வீடு என்றால் தானாகவே விலை போகும் என்று நினைப்பவர்கள் படிக்கட்டும். பல்கலைக்கழகம், நல்ல பள்ளிகள், பெவிலியன் மால் எல்லாம் பக்கத்தில் இருப்பதால் பார்க்க வருபவர்களுக்குக் குறைவில்லை, ஆனால் அவர்கள் அதே ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று நான்கு வீடு பார்த்துவிட்டுத்தான் நம் வாசலுக்கு வருகிறார்கள். சித்தியின் வீட்டை விற்க, எல்லாவற்றையும் தயார் செய்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்று தருவேன், மூன்றும் சான்றிதழ் வேலைக்கு.

அதில் அந்த நிறுவனத்து ஆள் கெட்டி. மின்சாரச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வீட்டைப் பெயர் மாற்ற முடியாது. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் அவசரத்துக்கு மாட்டிய இன்வெர்ட்டர் வயரிங்கை முதலில் பார்த்தவர், அதைச் சரிசெய்யாமல் சான்றிதழ் கிடைக்காது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மின்வேலிக்குத் தனிச் சான்றிதழ், கேஸ் அடுப்புக்குத் தனி. மரம் துளைக்கும் வண்டு இல்லை என்ற சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை, ஆனால் நம் கடற்கரைப் பக்க ஒப்பந்தங்களில் அது வழக்கம், அதற்கும் கூரைக்குள் ஏறிப் பார்க்க ஆள் வந்தார். பின்னால் கட்டிய அவுட்பில்டிங்குக்கு நகராட்சி ஒப்புதல் பெற்ற பிளான் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். எத்தனையோ வீட்டில் இருக்காது, நல்லவேளை சித்தப்பா அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்.

அலங்காரம்தான் வயிற்றெரிச்சல். எல்லாச் சுவருக்கும் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை, வாடகை சாம்பல் சோபா, யாரும் தொடக்கூடாத எலுமிச்சம்பழக் கிண்ணம். மீன் குழம்பு வைக்காதீர்கள் என்றதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். பூஜை அறையைக் காலி செய்து "ஸ்டடி" ஆக்கச் சொன்னதற்குச் சித்தி, "வாங்க வர்றதுல பாதி நம்ம ஆளுங்கதான், அவங்க விளக்கை எங்கே வைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அந்தக் கதவை மட்டும் சாத்திக்கொண்டார். பார்க்க வந்த பலர் அந்தக் கதவைத் திறந்துதான் நின்று பேசினார்கள்.

அதைவிட மோசம், பின்புறத் தடுப்புச் சுவரின் விரிசலைப் பூசி மறைத்துப் பெயிண்ட் அடிக்கக் கிளம்பியது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் மேட்டு வீடு வாங்குபவர் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் சுவரையும் வடிகாலையும் பார்க்கிறார். தவிர, 2022 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, வீட்டின் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் ஏஜென்ட் வீட்டை விற்க எடுக்கவே கூடாது. ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது இருப்பதை இருந்தபடியே விற்கிறோம் என்று ஒப்பந்தத்தில் போட்டுக்கொண்டால் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், தெரிந்தே மறைத்த குறைக்கு அது காப்பாற்றாது. நாங்கள் பெயிண்டரை நிறுத்திவிட்டு, வேறு ஆளை வைத்துச் சுவரை முறையாகச் சரிசெய்து, பில்லையும் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். அதைப் பார்த்தபின் அந்தச் சுவரைக் காட்டி யாரும் விலையைக் குறைக்கப் பேசவில்லை.

சரி, நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் சான்றிதழ் வேலைக்கு மட்டும் விலை கேளுங்கள். பட்டியலில் அப்படிப் பிரித்துப் போடமாட்டார்கள், அழுத்திக் கேட்டால் தருகிறார்கள். சோபா வாடகை மாதக் கணக்கில் ஓடும், வீடு விற்கத் தாமதமானால் அதுவும் உங்கள் தலையில்தான்.