கன்னோஜ் அத்தரா, பிரெஞ்சு செண்டா? குடுவையையும் சேர்த்துப் பார்ப்போம்

இவ்விரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மணத்தோடு நின்றுவிடுகிறார்கள். மணத்தைச் சுமப்பது எண்ணெயா, ஆல்கஹாலா என்பதைப் பொறுத்தே பாத்திரமும் மாறுகிறது.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் ‘தேக்’ என்னும் செப்புக் கொப்பரையில் பூவும் தண்ணீரும் வேகின்றன. மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியே ஆவி இறங்கி, நீர்த்தொட்டியில் அமர்ந்திருக்கும் ‘பப்கா’ என்ற நீள்கழுத்துச் செப்புக் கலத்துக்குள் போகிறது. அதிலிருக்கும் சந்தன எண்ணெய் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய பட்டறைகளில் வெப்பமானி கிடையாது. கலத்தைத் தொட்டுப் பார்த்தே விறகைத் தள்ளுவதா இழுப்பதா என்று முடிவு செய்வார்கள். நீரை வடித்த பிறகும் எண்ணெயில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். அதற்குத்தான் தோல் குப்பி. ஈரம் தோல் வழியே வெளியேறிவிடும், அத்தர் நிற்கும்.

பிரான்சின் கிராஸ் நகரத்தில் மல்லிகையை நெருப்பில் காட்டவில்லை. மரச்சட்டத்தில் பதித்த கண்ணாடித் தகட்டில் கொழுப்பைப் பூசி, பூவைப் பரப்பி, வாடியதை எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்கினார்கள். மணம் ஏறிய கொழுப்பை ஆல்கஹாலில் அலசினார்கள். கூலி கட்டுப்படியாகாததால் பின்னாளில் அந்த இடத்தைக் கரைப்பான்கள் பிடித்துக்கொண்டன. (தமிழ்நாட்டு மல்லிகையும் கரைப்பானில் சாறாகித்தான் வெளிநாட்டு செண்ட் நிறுவனங்களுக்குப் போகிறது.) மல்லிகைக்கு என் ஓட்டு கிராஸுக்கே, வெந்தால் பச்சைப் பூவின் வாசம் போய்விடும். வெட்டிவேருக்கும் சுட்ட மண்ணின் வாசனைக்கும் கன்னோஜை மிஞ்ச ஆளில்லை.

ஆல்கஹாலைத் தோலில் அடைத்தால் பறந்துவிடும். அதற்குக் கண்ணாடிதான் சரி. 1908 வாக்கில் செண்ட் வியாபாரி பிரான்சுவா கோட்டிக்காகக் குடுவை வடிவமைக்கத் தொடங்கிய நகைக் கலைஞர் ரெனே லாலிக், கண்ணாடியை இரண்டு விதமாகக் கையாண்டார். ஒன்று மெழுகு வார்ப்பு, சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன்னுக்குச் செய்வது போலத்தான். அச்சை உடைத்தால்தான் பொருள் வெளியே வரும், எனவே ஒன்றுக்கு மேல் கிடைக்காது. மற்றது உலோக அச்சு. ஒரே வடிவத்தை ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். செண்ட் கடைக்கு இரண்டாவதுதான் பிழைப்பு. ஆனால் அச்சில் வந்த குடுவையிலும் கைவேலை பாக்கியிருந்தது. வாயையும் மூடியையும் ஒன்றோடொன்று பொருந்தத் தேய்த்து, ஜோடி மாறாதிருக்க இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறுவார்கள். மூடி மாறினால் செண்ட் ஆவியாகிவிடும். அதற்கும் மேலே மெல்லிய சவ்வைப் போர்த்தி நூலால் இறுக்கிக் கட்டுவதும் உண்டு.

குடுவை அழகில் பிரான்ஸ் வெகுதூரம் முன்னே. ஆனால் விலையில் ஒரு பங்கு கண்ணாடிக்குப் போகிறது என்பதை மறக்கக் கூடாது. சட்டையில் தெளித்துக்கொண்டு கிளம்ப செண்ட் போதும். மணிக்கட்டில் நாள் முழுக்க நிற்க அத்தர். சந்தன எண்ணெய் விலை ஏறியதால் அத்தர் இறக்குகிறவர்கள் பலர், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெயான திரவ பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். ஆகவே அத்தர் வாங்கும்போது, எந்தப் பூ என்று கேட்பதற்கு முன்னால் எந்த எண்ணெயில் இறக்கியது என்று கேளுங்கள்.