ரத்தம் எடுக்கும் முன் கேள்வி கேட்ட பரிசோதனைக்கூடம்: நாகர்கோவிலில் ஜி6பிடி சோதனை

எங்கள் வீடு தக்கலையில் இருக்கிறது. அக்காவின் மகனுக்குப் பிறந்த இருபதாம் நாள் கண்வெள்ளை மஞ்சளாகி, சுற்றியிருந்த துணியில் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் படிந்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால், அந்தப் பழைய பருத்தித் துணிகள் பூச்சி அரிக்காமலிருக்கப் பாச்சை உருண்டை போட்டுப் பீரோவில் வைக்கப்பட்டிருந்தவை. குழந்தையைச் சேர்த்திருந்த மருத்துவமனையில் அதே வாரம் எடுத்த ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) அறிக்கையில் 'இயல்பு' என்று இருந்ததால் நாங்கள் நிம்மதியாக வீடு திரும்பினோம். அந்த நிம்மதி தவறானது என்பதை விளக்கியது வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு சிறிய பரிசோதனைக்கூடம். இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

ரத்தம் எடுப்பதற்கு முன்பே அங்கிருந்த மூத்த பணியாளர், "மஞ்சள் வந்தது எந்த மாசம், மக்களே? ரத்தம் ஏத்துனாங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். இந்த ஒரு கேள்வியில்தான் சோதனையின் முழுப் பயனும் அடங்கியிருக்கிறது. ஜி6பிடி என்பது எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையின் நுனிப்பகுதியில் உள்ள மரபணு. அது உருவாக்கும், அதே பெயருடைய, 515 அமினோ அமிலங்கள் கொண்ட நொதி, குளுக்கோஸ் செல்லும் ஒரு பக்கவழியின் முதல் படியைத் தொடங்கி வைத்து என்ஏடிபிஎச் என்ற பொருளைத் தருகிறது. அதைக் கொண்டே குளுட்டாதயோன் புதுப்பிக்கப்பட்டு, ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்திலிருந்து செல் தப்பிக்கிறது. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் அதற்கு இந்த ஒரு வழியைத் தவிர வேறு வழியில்லை. உட்கருவும் இல்லாததால், ஏறத்தாழ 120 நாள் ஆயுளில் தேயும் நொதிக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ளவும் அதனால் முடியாது. ஆகவே பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் போன்ற பொருள் தாக்கும்போது நொதி குறைந்த முதிய அணுக்களே முதலில் உடைகின்றன. எஞ்சியிருக்கும் இளம் அணுக்களில் நொதி மிகுதியாக இருப்பதால், அந்த நேரத்தில் அளந்தால் குறைபாடு மறைந்து 'இயல்பு' என்றே வரக்கூடும். எங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

குழந்தைக்கு நான்கு மாதம் ஆகி, மஞ்சள் வந்து மூன்று மாதத்துக்கு மேல் கடந்திருந்ததால் உடனே மாதிரி எடுத்தார்கள். ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம், ஒரே குத்தில் எடுக்கப்பட்டது. பிள்ளை அழுது முடிப்பதற்குள் பஞ்சு வைத்து அழுத்தி, குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினார். மறுநாள் மாலை கிடைத்த நொதி அளவு மிகக் குறைவாக இருந்தது. மரபணுச் சோதனைக்காக மாதிரியை வெளியூருக்கு அனுப்பினார்கள். 'கேரளா–கல்யாண்' என்ற வகை, அதாவது நொதியின் 317ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் அமைந்திருப்பதாக முடிவு வந்தது.

குறைகளும் உண்டு. பன்னிரண்டு நாளில் வரும் என்ற மரபணு அறிக்கை பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்குள் நாங்கள் மூன்று முறை தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தது. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தவிர்க்க வேண்டிய ப்ரைமாக்வின், டாப்சோன், நைட்ரோஃபுரான்டோயின் போன்ற மருந்துகளின் பட்டியலைத் தாய்மார் படிக்கும்படி தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் இரவில் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் நிற்பவர்கள் அவர்கள்தான். நாங்கள் கேட்டபோது அந்த மூத்த பணியாளர் ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்தார். இப்போது அது பீரோக் கதவின் உட்புறத்தில், முன்பு பாச்சை உருண்டை இருந்த தட்டுக்கு நேர் மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.

மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வருவதால் அக்காவுக்கும் சோதித்தார்கள்; அவளுடைய நொதி அளவு இரண்டுங்கெட்டானாக நின்றது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருந்தாலும் ஒவ்வொரு செல்லிலும் ஒன்று மட்டுமே வேலை செய்வதால் நொதி அளவை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது என்று கூறி, முழு மரபணுவையும் படிக்காமல் அந்த 317ஆம் இடத்தை மட்டும் பார்க்கும் செலவு குறைந்த சோதனையை அவர்களே பரிந்துரைத்தார்கள். அடுத்த மாதம் அம்மாவும் தங்கையும் அங்கேயே ரத்தம் கொடுக்க இருக்கிறார்கள்.