டஃப்புக்குக்குள் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்: மூன்று வருஷத்துக்குப் பிறகு

போன வாரம் மதுரையிலிருந்து நண்பன் ஒருவன் போன் செய்தான். அவனும் ஒரு பழைய டஃப்புக் (அடி, தூசி, தண்ணீர் எல்லாம் தாங்கும் பானசோனிக் லேப்டாப்) வாங்கிவிட்டானாம். "மாப்ள, உன் லேப்டாப்புக்குள்ள எஃப்எம் வச்சியே, அது இன்னும் ஓடுதா? நானும் வச்சுக்கலாமா?" என்றான். லேப்டாப்பில் இருக்கும் பாட்டை ஜீப் ரேடியோவுக்கு அனுப்ப, உள்ளேயே நான் வைத்த குட்டி எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைத்தான் கேட்டான். "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், ஏன் வேண்டாம் என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. போன மாதம்தான் அதை முழுசாகப் பிரித்துப் பழுது பார்த்து மூடினேன். அந்தக் கடுப்பு இன்னும் இறங்கவில்லை, அதனால் இதில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

என்னுடையது பானசோனிக் சிஎஃப்-31, 2010-ல் வந்த முதல் ரகம். மக்னீசியம் உடம்பு, தூசியும் தண்ணீரும் புகாது என்ற ஐபி65 தரம், ஆறடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்பதெல்லாம் இந்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நான் செய்வது நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் வேலை. தேங்காய், எலுமிச்சம்பழம் இல்லை, மின்தடை முறை. தரையில் நாலு கம்பி அடித்து, வெளிக் கம்பி இரண்டில் கரண்ட் விட்டு, உள் கம்பி இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று அளப்போம். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்து எடுத்த கணக்கை லேப்டாப்பில் போட்டால், கீழே எங்கே பாறை, எங்கே வெடிப்பு என்று ஒரு படம் வரும். அந்தப் படம் போட இந்தக் கிழட்டு ஐ5 இருபது நிமிஷத்திலிருந்து நாற்பது நிமிஷம் வரை எடுத்துக்கொள்ளும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வண்டி வாடகை ஜீப். டிரைவர் அண்ணன் ஒரே ஆள்தான், வண்டி மட்டும் மாறும். எந்த வண்டி வந்தாலும் அதில் புளூடூத் இருக்காது, ஆக்ஸ் ஓட்டை இருக்காது, ரேடியோ மட்டும் இருக்கும். என் பாட்டுச் சேமிப்பு முழுக்க லேப்டாப்பில். அதில் ஸ்பீக்கர் என்று ஒன்று இருக்கிறதுதான், ஆனால் தண்ணீர் புகாமல் அடைத்த ஸ்பீக்கர் எதுவானாலும் வாயில் துணி வைத்துக்கொண்டு பாடுவது போலத்தான் இருக்கும், ஜீப் சத்தத்தில் ஒன்றும் எடுபடாது.

நானூறு ரூபாய்க்கு சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகுகிற எஃப்எம் சாமான் கிடைக்கிறதே என்று எல்லோரும் கேட்டாயிற்று. வாங்கினேன். ஒன்றில்லை, மூன்று. அந்த ஓட்டை எனக்கு லேப்டாப் சார்ஜருக்கு வேண்டும், அது முதல் பிரச்சினை. வண்டி மாறும்போது முதல் சாமானை ஒரு வண்டியிலேயே விட்டுவிட்டேன், இரண்டாவது காலில் மிதிபட்டது, மூன்றாவது எங்கே போனது என்று தெரியாது. லேப்டாப்பை மட்டும் நான் எங்கேயும் மறந்து வைத்ததில்லை. அப்படியானால் உள்ளேயே வைத்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

உள்ளே இடம் இருந்தது. மொபைல் மோடத்துக்கான மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அந்தக் காலத்து 3ஜி கார்டு சும்மா கிடந்தது, அதைக் கழற்றினேன். இந்த ஸ்லாட்டில் 36-வது, 38-வது பின்கள் யூஎஸ்பி. அதிலிருந்து ஒயர் எடுத்து ஒரு குட்டி ஹப், ஹப்பில் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டும் புரோ மைக்ரோ என்ற குட்டி கன்ட்ரோலர் போர்டும், இந்த இரண்டோடும் சேர்த்து எஸ்ஐ4713 சிப் வைத்த டிரான்ஸ்மிட்டர் போர்டு. சவுண்ட் கார்டு பாட்டைக் கொடுக்கும், புரோ மைக்ரோ அலைவரிசையை மாற்றும். படிக்க ஒரு வரிதான், எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

முதல் பாட்டு போட்டதும் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. பாடகர் 'ச' சொல்லும் இடமெல்லாம் சோடா பாட்டில் திறக்கிற சத்தம். ரேடியோவைத் திட்டினேன், சவுண்ட் கார்டைத் திட்டினேன், கடைசியில் பார்த்தால் சிப்பின் அமைப்பு. எஃப்எம்மில் உயர் ஸ்தாயி ஒலியைத் தூக்கி அனுப்புவார்கள், ரேடியோ அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும். எவ்வளவு தூக்குவது என்பது அமெரிக்காவில் 75 மைக்ரோ செகண்ட் கணக்கு, நம் ஊரில் 50. சிப் பிறந்ததிலிருந்து 75-ல் இருந்தது. ஒரே ஓர் எண்ணை மாற்றினேன், நாதஸ்வரம் நாதஸ்வரமானது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அப்புறம் ஆன்டெனா. மூடி போட்டதும் ரேடியோவில் ஒன்றுமே இல்லை. உலோகப் பெட்டிக்குள் டிரான்ஸ்மிட்டரை வைத்து மூடினால் அலை எப்படி வெளியே வரும்? இது எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு, பக்கவாட்டில் கார்டு சொருகும் வாசல் வழியாக ஒரு சாண் ஒயரை வெளியே விட்டு, மூடியைப் பாதி மூடினேன். ஐபி65 அன்றோடு முடிந்தது. தூசி புகாத லேப்டாப் என்று தேடி வாங்கி, திண்டுக்கல் செம்மண் போக நானே கதவைத் திறந்துவைத்தேன் என்பதை எங்கே போய்ச் சொல்ல?

அலைவரிசை கிடைப்பது தனிக் கதை. வத்தலக்குண்டு பக்கம் போனால் 100.5-ல் கோடைப் பண்பலை. அது மலை உச்சியிலிருந்து வருகிறது, அதன் பக்கத்தில் நம் பொடிச் சிப் நின்று பேச முடியாது. எஃப்எம் ரேடியோவின் குணம் அது, ஒரே இடத்தில் இரண்டு அலை வந்தால் வலுத்ததை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். 93.5, 98.3, 106.4 எல்லாம் மதுரைப் பக்கத்து நிலையங்கள். 90.4-ஐயும் 107.8-ஐயும் சமுதாய வானொலிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், எந்த ஊரில் எது முளைக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே இந்தச் சிப்பைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். அனுப்புவதை நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் காற்றில் சத்தம் குறைவு என்று அதுவே அளந்து சொல்லும். வண்டி ஏறியதும் ஒரு பட்டனை அழுத்துவேன், எண் வரும், "அண்ணே, 96.9" என்பேன், அண்ணன் திருப்புவார்.

பவரைக் கூட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: கூட்டாதீர்கள். பீகாரில் மன்சூர்பூர் என்ற கிராமத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக் சொந்தமாகப் பண்பலையே நடத்தினார், ஊரே கேட்டது, லைசென்ஸ் இல்லை என்று 2006-ல் மூடிவிட்டார்கள். பிரிட்டனில் காருக்குள் வைக்கிற குட்டி டிரான்ஸ்மிட்டரைக்கூட 2006 டிசம்பரில்தான் அனுமதித்தார்கள், அதுவும் 50 நானோவாட் வரைக்கும்தான். என்னுடையது ஜீப்பை விட்டு இறங்கிப் பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் கரைந்துவிடும், அது போதும். மதியச் சாப்பாட்டின்போது கம்பி அடிக்க வரும் பையன்கள் தங்கள் பட்டன் போனில் காது ஒயரைச் சொருகி என் அலைவரிசைக்கு வந்துவிடுவார்கள். லேப்டாப் நடுவில், சுற்றிலும் நாலு தூக்குவாளி, ஒருத்தன் மட்டும் தள்ளிப் போய் உட்கார்ந்து "சார், இங்க இரைச்சல் சார்" என்பான். இது நான் திட்டமிட்டு வந்ததில்லை.

இனி அந்தச் சனியனுக்கு வருகிறேன். கொய்ங் சத்தம்.

முதல் நாளிலிருந்தே இருந்தது. பாட்டுக்கு அடியில் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். மவுஸை நகர்த்தினால் சுருதி மாறும், பைல் திறந்தால் கிர்ர்ர், சும்மா விட்டால் அடங்கிப் படுத்துக்கொள்ளும். காரணம் நான்தான். அந்த ஸ்லாட்டில் 3.3 வோல்ட்தான் வரும், சவுண்ட் கார்டுக்கோ 5 வேண்டும். நடுவில் வோல்ட்டைத் தூக்கிக் கொடுக்கும் விலை மலிவான ஒரு பூஸ்ட் போர்டை வைத்தேன். லேப்டாப் உள்ளே எது மூச்சு விட்டாலும் அந்த 3.3 கொஞ்சம் ஆடும், பூஸ்ட் அதோடு தன் நடுக்கத்தையும் சேர்க்கும், இரண்டும் சேர்ந்து பாட்டோடு பாட்டாக வானில் ஏறும். கெபாசிட்டர் போட்டுப் பார்த்தேன், ஒயரை முறுக்கிப் பார்த்தேன், செம்புத் தாள் சுற்றிப் பார்த்தேன். பாதிதான் குறைந்தது. ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உங்க ரேடியோதான் சரியில்ல" என்று சொல்லி 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வேகமான பாட்டில் தெரியாது. இரவு வீடு திரும்பும்போது மெல்லிய பாட்டு ஒன்றைப் போட்டால், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் அந்தக் கொசு வந்து உட்காரும். எத்தனையோ தடவை அதற்காகவே பாட்டை நிறுத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் நத்தம் போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. அளந்து முடித்து, படம் போடக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பைப் பின்சீட்டில் வைத்து டீக்கடைக்குக் கிளம்பினோம். அண்ணன் ரேடியோவை அணைக்கவில்லை, பாட்டும் ஓடவில்லை, கொய்ங் மட்டும் ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது. டீக்கடை வருவதற்குள் அது சட்டென்று நின்றது. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், கணக்கு முடிஞ்சுருச்சு போல" என்றார். திறந்து பார்த்தேன், முடிந்திருந்தது. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அது ஓடுறப்ப கத்தும் சார், முடிஞ்சா மூடிக்கும். நான் கொஞ்ச நாளா கேட்டுட்டுதான் இருக்கேன்."

இரண்டு வருஷமாக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தத்தை அவர் கடிகாரமாக வைத்திருந்திருக்கிறார். அதற்குப் பிறகு எனக்கும் காது பழகிவிட்டது. ஒரே சுருதியில் போனால் கணக்கு நல்லபடியாக ஓடுகிறது, விட்டு விட்டு வந்தால் டிஸ்கில் எழுதுகிறது, திடீரென்று நின்றால் முடிந்தது, அல்லது எர்ரர் அடித்து நின்றுவிட்டது. வெயிலில் மூடியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டியதில்லை. நாற்பது நிமிஷத்தில் முடிய வேண்டியது நாலே நிமிஷத்தில் அடங்கினால் ஏதோ ஒரு அளவைத் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம், பையன்கள் கம்பியைப் பிடுங்குவதற்கு முன்னால் ஓடிப்போய் நிறுத்திவிடலாம். இரண்டு தடவை அப்படி நிறுத்தியிருக்கிறேன். இந்த வசதியோடு எந்த லேப்டாப்பும் விற்பனைக்கு வருவதாகத் தெரியவில்லை.

போன மாதம் செம்மண் தன் வேலையைக் காட்டியது. ஒயர் விட்டிருந்த அந்த வாசல் வழியாக மழைச் சாரலும் தூசியும் போய், உள்ளே சேறு மாதிரிப் பிடித்து, ஹப் செத்துவிட்டது. லேப்டாப் பிழைத்தது, அது அதன் நல்ல மனசு. பிரித்தபோதே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பழைய மோடத்தின் ஆன்டெனா ஒயர் உள்ளேயே சும்மா கிடந்ததே, அதையே டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்தேன். 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை என்றால் 75 சென்டிமீட்டர், மோடம் ஆன்டெனாவோ விரல் நீளம், பொருத்தமே இல்லை. ஆனாலும் ஜீப்புக்கு எட்டுகிறது, வெளியே ஒயர் இல்லை, வாசல் மூடியாயிற்று. பூஸ்ட் போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு யூஎஸ்பி போர்ட்டின் பின்பக்கத்திலிருந்து 5 வோல்ட் எடுத்து, இரைச்சலை வடிகட்டும் ஒரு ஃபெரைட் பீடு, ஒரு சின்ன ரெகுலேட்டர், புதுக் கெபாசிட்டர் எல்லாம் வைத்தேன். மூடிவிட்டு ஆன் செய்தால் கொய்ங் இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பாட்டுக்கு அடியில் அமைதி.

மறுவாரம் வடமதுரைப் பக்கம் ஒரு வேலை. கணக்கை ஓட விட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தோம். ஐம்பது நிமிஷம். அண்ணன் இரண்டு தடவை ரேடியோவை ஒட்டிக் காதை வைத்துப் பார்த்தார். "சார், இது பேசவே மாட்டேங்குது" என்றார். திறந்து பார்த்தால், ஆரம்பித்த மூன்றாம் நிமிஷமே எர்ரர் அடித்து நின்றிருக்கிறது. அதற்குள் பையன்கள் கம்பியைப் பிடுங்கி ஏற்றிவிட்டார்கள். திரும்ப அடிக்க வைத்தேன், அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

கணக்கு முடிந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போச்சு என்று நீங்கள் சொல்வீர்கள். எழுதினேன். அது முடிந்தால் மணி அடிக்கிறது, எர்ரர் வந்தால் மென்பொருள் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது, ஸ்கிரிப்ட்டோ இன்னும் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறது. கொசுவுக்கு இருந்த அறிவு அதற்கு இல்லை.

ஆக, மாப்ள, நீ கேட்டதற்குப் பதில். வைக்காதே. உனக்கு வேண்டியது பாட்டு என்றால் நானூறு ரூபாய் சாமானை வாங்கி, நூல் கட்டிச் சாவிக்கொத்தோடு மாட்டிக்கொள். நாலு ஞாயிற்றுக்கிழமையும், பார்ட்ஸுக்கு ஆன மூவாயிரத்துச் சொச்சமும், கடைக்காரருக்குக் கொடுத்த 350-ம் மிச்சம். ஒலித்தரமும் அதைவிட இது பெரிதாக ஒன்றும் உசத்தியில்லை. என்னுடையதை விலைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டேன், அது வேறு. அடுத்த புதன்கிழமை ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று தோட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் மூடியைத் திறந்து, அந்த ஃபெரைட் பீடைக் கழற்றிவிட்டு, பழையபடி 3.3-லிருந்து ஒரு பூஸ்ட் போர்டு வைக்கப் போகிறேன். அதே மலிவு போர்டுதான். இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.