மேக்கின் லாகின் ஐட்டம்ஸ்: ஆப்புக்குச் சரி, ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கு?

லாகின் ஆனதும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) தானாக ரன் ஆக வேண்டும் என்றால், மேக்கில் முதலில் கண்ணில் படுவது லாகின் ஐட்டம்ஸ்தான். 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுரா முதல் அது சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குள் இருக்கிறது. கூட்டல் குறியை அழுத்தி எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். வில்லங்கமே அங்கேதான். அது கோப்பை ரன் செய்வதில்லை, திறக்கிறது. ஃபைண்டரில் டபுள் கிளிக் செய்த மாதிரி.

அதனால் எஸ்எச் (.sh) என்று முடியும் கோப்பு பெரும்பாலும் எடிட்டரில் போய்த் திறந்து நிற்கும். பெயரின் முடிவை கமாண்ட் (.command) என்று மாற்றி, டெர்மினலில் சிஎச்மாட் (chmod) கட்டளை கொடுத்து எக்ஸிக்யூட் அனுமதியும், அதாவது ஓட்டும் உரிமையும், தந்தால் டெர்மினல் அதை ஓட்டும். அனுமதி தர மறந்தால், தகுந்த உரிமை இல்லை என்று டெர்மினலே சொல்லிவிடும். வேலை முடிந்த பிறகும் 'ப்ராசஸ் கம்ப்ளீட்டட்' என்ற வரியோடு ஜன்னல் அப்படியே கிடக்கும். டெர்மினல் செட்டிங்ஸில், புரொஃபைல்ஸுக்குள் ஷெல் டேபில், ஷெல் பிழையின்றி முடிந்தால் ஜன்னலை மூடும்படி வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒவ்வொரு லாகினிலும் ஜன்னல் ஒருமுறை எட்டிப் பார்க்காமல் இருக்காது.

ஜன்னலே கூடாது என்றால் லாஞ்ச்டி (launchd). பின்னணியில் வேலைகளைத் தொடங்கி வைக்கும் மேக்கின் சொந்த ஏற்பாடு அது. ஹோம் ஃபோல்டரின் லைப்ரரிக்குள் லாஞ்ச்ஏஜென்ட்ஸ் ஃபோல்டரில் ஒரு பிலிஸ்ட் (.plist, அமைப்புகளை எழுதும்) கோப்பு. இப்படி எழுதிய வேலைக்குப் பெயர் ஏஜென்ட். அதில் லேபிள், புரோகிராம் ஆர்கியுமென்ட்ஸ், ரன் அட் லோட் என மூன்று கீ போதும். ஸ்கிரிப்ட்டின் பாதையை முழுதாக எழுத வேண்டும். ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் டில்டே குறி (~) இங்கே செல்லாது.

டெர்மினலில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் இங்கே படுத்துவிடுவது சகஜம். காரணம், டெர்மினலில் ஓடும் ஷெல்லான இசட்எஸ்எச்சில் (zsh) நீங்கள் செய்த அமைப்புகளை லாஞ்ச்டி படிப்பதில்லை. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் (PATH) மாறியில் சிஸ்டத்தின் நான்கு ஃபோல்டர்கள் மட்டுமே இருக்கும். ஹோம்ப்ரூ என்ற மென்பொருள் நிறுவி வழியாக நிறுவியது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டெர்மினலில் லாஞ்ச்சிடிஎல் லிஸ்ட் (launchctl list) கொடுத்து, இரண்டாம் நெடுவரிசையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 127 என்றால் கமாண்ட் கிடைக்கவில்லை. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே பாத்தை எழுதிவிடுங்கள். 126 என்றால் அனுமதிச் சிக்கல். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் மேக்ஓஎஸ் கேட்டலினா காலத்திலிருந்து பூட்டுக்குள் இருப்பவை. ஸ்கிரிப்ட்டை அங்கே வைக்காதீர்கள்.

இன்னொரு பொறி: ஆம்பர்சண்ட் (&) போட்டுப் பின்னணியில் விட்ட வேலைகளை, ஸ்கிரிப்ட் முடிந்த கையோடு லாஞ்ச்டி கொன்றுவிடும். பிலிஸ்ட்டில் அபாண்டன் ப்ராசஸ் குரூப் கீயை ட்ரூ ஆக்கினால் பிழைக்கும்.

பிழைச் செய்திகள்தான் படுமோசம். பிலிஸ்ட்டில் எழுத்துப் பிழை இருந்தாலும், ஏற்கெனவே லோட் ஆன ஏஜென்ட்டை மறுபடி லோட் செய்தாலும், அதே '5: இன்புட்/அவுட்புட் எரர்'தான். முதலில் பிலிஸ்ட்டில் பிழை உண்டா என்று சோதிக்கும் கட்டளையை (plutil -lint) ஓட்டிப் பாருங்கள். அதில் குறை இல்லையென்றால், லாஞ்ச்சிடிஎல்லில் ஏஜென்ட்டை பூட்அவுட் செய்து (இறக்கி) மறுபடி பூட்ஸ்ட்ராப் செய்யுங்கள் (ஏற்றுங்கள்).

புரோகிராம் ஆர்கியுமென்ட்ஸில் முதலில் ஷெல்லை எழுதினால், லாகின் ஐட்டம்ஸின் பின்னணிப் பட்டியலில் வெறும் இசட்எஸ்எச் என்றுதான் தெரியும். அப்படி நான்கு சேர்ந்தால் எது எதுவென்று தெரியாது. ஷெபாங் வரியும் (எந்த ஷெல்லில் ஓட வேண்டும் என்று சொல்லும் #! எனத் தொடங்கும் முதல் வரி) எக்ஸிக்யூட் அனுமதியும் கொடுத்து ஸ்கிரிப்ட்டையே முதலில் எழுதுங்கள், அதன் பெயரே தெரியும்.